கம்ப்யூட்டர் இரண்டு, கீபோர்டு ஒன்று!

ஓர் உறையில் இரண்டு கத்தி இருக்காது என்பது பழமொழி. ஆனால் ஒரே மேஜையில் இரண்டு கம்ப்யூட்டர் இருப்பது இந்நாளில் சர்வ சாதாரணம். ஒன்று கம்பெனி கொடுத்த லேப்டாப். இன்னொன்று சொந்தப் பணத்தில் தவணை கட்டி வாங்கியது. 2020 மார்ச் மாதம் ஊரடங்கு வந்தபோது ஆபீஸ் வேலை வீட்டுக்குள் நுழைந்தது. ஊரடங்கு போய்விட்டது, வீட்டு வேலை முழுவதுமாகப் போகவில்லை. பல கம்பெனிகளில் வாரத்தில் சில நாள் ஆபீஸ், சில நாள் வீடு என்ற ஏற்பாடு நீடிக்கிறது.

பெங்களூரில் பத்துக்குப் பத்து அறையில் குடியிருப்பவருக்கு மேஜை என்பது இரண்டடிப் பலகைதான். அதில் இரண்டு கீபோர்டும் இரண்டு மவுசும் வைத்தால் காபி டம்ளருக்கு இடமிருக்காது. ஒரு கீபோர்டு நேரே இருக்கும். மற்றது பக்கவாட்டில் ஒதுங்கிக் கிடக்கும். உடம்பைத் திருப்பித் திருப்பி டைப் அடித்தால், மாலையில் கழுத்தும் தோளும் பிடித்துக்கொள்ளும். இடது பக்கத்து மவுசை நகர்த்திவிட்டு, வலது பக்கத்துத் திரையில் அம்புக்குறியைத் தேடுகிற வேடிக்கையும் அன்றாடம் நடக்கும்.

ஒரே கீபோர்டு, ஒரே மவுஸ் கொண்டு இரண்டையும் இயக்க முடியாதா? முடியும். அதற்கு ஒன்றல்ல, மூன்று வழிகள் உண்டு. ஆனால் எந்த வழி மலிவு என்று மட்டும் பார்த்து இறங்கிவிடக் கூடாது. இரண்டாவது கம்ப்யூட்டர் யாருக்குச் சொந்தம் என்பதை முதலில் பார்க்க வேண்டும். அதில் பிசகினால் உத்தியோகத்துக்கே ஆபத்து வரலாம்.

எழுத்து இல்லாத கீபோர்டு

தட்டெழுத்து, சுருக்கெழுத்துச் சான்றிதழ்களைப் பெட்டியில் வைத்துக்கொண்டு பம்பாய்க்கும் தில்லிக்கும் ரயிலேறிய தமிழர்கள் ஒரு தலைமுறை. லோயர் பாஸ், ஹையர் பாஸ் என்பதுதான் அவர்களுக்குச் சோறு போட்டது. அவர்கள் அடித்த டைப்ரைட்டரில் விசையும் யந்திரமும் ஒன்று. விசையைத் தட்டினால் அதோடு பிணைந்த கம்பி எழுந்து, எழுத்தைக் காகிதத்தில் பதிக்கும். விசைகளை மட்டும் கழற்றி இன்னொரு யந்திரத்தில் மாட்டுவது நடக்கிற காரியமல்ல.

கம்ப்யூட்டர் கீபோர்டு அப்படியல்ல. அதன் மேல் எழுத்து அச்சிடப்பட்டிருக்கிறதே தவிர, உள்ளே எழுத்து கிடையாது, எண்தான் உண்டு. யு.எஸ்.பி. முறையில் ஆங்கில ‘ஏ’ விசைக்கு எண் 4. ‘இசட்’ விசைக்கு எண் 29. விசையைத் தட்டினால் அந்த எண் மட்டுமே கம்பி வழியே போகிறது. அதை எந்த எழுத்தாகக் காட்டுவது என்று தீர்மானிப்பது கம்ப்யூட்டர். ஆங்கிலத்துக்கு அமைத்த கம்ப்யூட்டர் 4 என்றால் ‘ஏ’ என்று எழுதும். தமிழ்நாடு அரசு 1999-ல் ஏற்றுக்கொண்ட தமிழ்99 முறைக்கு அமைத்த கம்ப்யூட்டர் அதே 4 வந்தால் ‘அ’ என்று எழுதும்.

மவுசும் இப்படித்தான். எந்தப் பக்கம், எவ்வளவு நகர்ந்தது என்ற கணக்கை மட்டும் அது அனுப்புகிறது. இந்தக் கருவியை 1960-களில் அமெரிக்காவில் சிந்தித்தவர் டக்ளஸ் எங்கெல்பார்ட். அவருடைய சகா பில் இங்கிலிஷ் அதை ஒரு சிறு மரப்பெட்டியாகச் செய்து கொடுத்தார். அடியில் இரண்டு சக்கரங்கள் இருந்தன. 1968 டிசம்பர் 9-ந் தேதி சான் பிரான்சிஸ்கோ நகரில், கூடியிருந்த நிபுணர்கள் முன்னால் எங்கெல்பார்ட் மவுசை இயக்கிக் காட்டினார். சக்கரம் போய் உருண்டை வந்தது. உருண்டை போய் ஒளி வந்தது. அனுப்பும் கணக்கு மட்டும் அதேதான்.

ஆகவே, தன் எஜமானன் யார் என்பது கீபோர்டுக்கும் தெரியாது, மவுசுக்கும் தெரியாது. எதில் இணைத்தாலும் அதற்கு வேலை செய்யும். மூன்று வழிகளுக்கும் இந்த ஒரு குணமே ஆதாரம்.

முதல் வழி: சுவிட்ச் பெட்டி

ரயில் தண்டவாளம் பிரிகிற இடத்தில் பாயின்ட் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பாயின்டை இப்படித் தள்ளினால் வண்டி மெயின் லைனில் போகும். அப்படித் தள்ளினால் லூப் லைனில் போகும். ஒரே சமயத்தில் இரண்டிலும் போகாது. சுவிட்ச் பெட்டி செய்வதும் இதையேதான்.

கையடக்கமான இந்தப் பெட்டியில் கீபோர்டையும் மவுசையும் செருக வேண்டும். பெட்டியிலிருந்து ஒரு கேபிள் முதல் கம்ப்யூட்டருக்கும், இன்னொரு கேபிள் இரண்டாவது கம்ப்யூட்டருக்கும் போகும். மேலே ஒரு பட்டன். அழுத்தினால் முதலாவது, மறுபடி அழுத்தினால் இரண்டாவது. எந்த சாப்ட்வேரும் போட வேண்டியதில்லை.

கடையில் இரண்டு விதமான பெட்டிகள் கிடைக்கும். கீபோர்டையும் மவுசையும் மட்டும் மாற்றுவது யு.எஸ்.பி. சுவிட்ச். இது சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். மானிட்டரையும் சேர்த்து மாற்றுவது கே.வி.எம். சுவிட்ச். கீபோர்டு, வீடியோ, மவுஸ் என்ற மூன்று சொற்களின் முதல் எழுத்துக்களே அந்தப் பெயர். வரிசையாக நிற்கும் பல கம்ப்யூட்டர்களை ஒரே ஆள் ஒரே இடத்தில் உட்கார்ந்து கவனிப்பதற்கு, பெரிய கம்பெனிகளின் கம்ப்யூட்டர் அறைகளில் வெகுகாலமாக உபயோகத்தில் இருக்கும் சாதனம் இது. விலை கூடுதல்.

லேப்டாப்புக்குச் சொந்தத் திரை இருக்கிறது. ஆகவே ஒரு லேப்டாப்பும் ஒரு மேஜைக் கம்ப்யூட்டரும் வைத்திருப்பவர் கே.வி.எம். வாங்க வேண்டியதில்லை, யு.எஸ்.பி. சுவிட்ச் போதும். பெங்களூர் எஸ்.பி. ரோடு, மும்பை லாமிங்டன் ரோடு, தில்லி நேரு பிளேஸ் போன்ற இடங்களில் கடைக்காரர் கே.வி.எம்.மை எடுத்து நீட்டுவதற்கு முன் இதைச் சொல்லிவிடுவது நல்லது. கே.வி.எம்.மேதான் தேவை என்றால், மானிட்டரில் இருப்பது எச்.டி.எம்.ஐ. துவாரமா, டிஸ்ப்ளேபோர்ட் துவாரமா என்று பார்த்துக்கொண்டு போக வேண்டும். கேபிள்கள் பெட்டியோடு வருகின்றனவா, தனியே வாங்க வேண்டுமா என்றும் கேட்க வேண்டும்.

சுவிட்ச் பெட்டியில் ஒரு சிறு குறை உண்டு. பட்டனை அழுத்தியதும், கீபோர்டைப் பிடுங்கி மறுபடி செருகியதாகவே கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளும். அதை அடையாளம் கண்டுகொள்ள ஓரிரு வினாடி பிடிக்கும். விலை கூடிய பெட்டிகளில் இந்தத் தாமதம் இல்லை. கீபோர்டு அங்கே போயிருந்தாலும், இங்கேயே இருப்பதுபோல் பெட்டி பாவனை செய்துகொண்டிருக்கும். பழைய கம்ப்யூட்டர்களுக்கு இந்தப் பாவனை மிகவும் அவசியம். பலவற்றில் கீபோர்டு இல்லாமல் மின்சாரம் கொடுத்தால் பாதியிலேயே நின்றுவிடும். கீபோர்டு இல்லை என்று திரையில் சொல்லிவிட்டு, மேலே தொடர எஃப்1 விசையை அழுத்துங்கள் என்று கேட்டுக்கொண்டு நிற்பதும் உண்டு!

இரண்டாம் வழி: மூன்று பட்டன் கீபோர்டு

புளூடூத் கீபோர்டுகள் சிலவற்றின் மேல் வரிசையில் 1, 2, 3 என்று மூன்று பட்டன்கள் இருக்கும். முதலாவதை ஒரு கம்ப்யூட்டருக்கும், இரண்டாவதை மற்றதற்கும் ஒருமுறை பழக்கிவிட்டால் போதும். பிறகு பட்டனைத் தொட்டதும் கீபோர்டு அந்தக் கம்ப்யூட்டரோடு பேசத் தொடங்கும். மூன்றாவது பட்டனில் செல்போனைக்கூட இணைத்துக்கொள்ளலாம். கேபிள் இல்லை, பெட்டி இல்லை.

இதிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. கீபோர்டு மாறினால் மவுஸ் தானாக மாறாது. மவுசுக்கும் அதே மாதிரி வசதி இருக்க வேண்டும். அதன் பட்டன் பெரும்பாலும் அடிப்பக்கத்தில் இருக்கும். இரண்டையும் மாற்ற மறந்தால், கை ஒரு கம்ப்யூட்டரிலும் கண் இன்னொரு கம்ப்யூட்டரிலும் இருக்கும். தவிர, சில கம்பெனிகள் தங்கள் லேப்டாப்பில் புளூடூத்தை அடைத்து வைத்திருக்கும். வாங்குவதற்கு முன் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

புளூடூத் அல்லாத, தனிக் குமிழோடு வரும் மலிவான வயர்லெஸ் கீபோர்டுகள் விஷயத்தில் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். அடித்த எழுத்துக்களை ரகசியக் குறியீடு ஆக்காமல் அப்படியே காற்றில் அனுப்பும் சில கீபோர்டுகளை 2016-ல் பாஸ்டில் என்ற அமெரிக்கப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் கண்டுபிடித்து வெளியிட்டது. அப்படிப்பட்ட கீபோர்டில் அடிக்கும் பாஸ்வேர்டை, தகுந்த கருவி வைத்திருப்பவர் சுவருக்கு அப்பாலிருந்தும் படிக்கலாம்.

மூன்றாம் வழி: சாப்ட்வேர் பாலம்

மூன்றாவது வழிதான் பார்ப்பவர்களை வியக்க வைப்பது. அம்புக்குறியை முதல் திரையின் வலது ஓரத்துக்குக் கொண்டுபோனால், அது மறைந்து இரண்டாவது கம்ப்யூட்டரின் இடது ஓரத்தில் தோன்றும். கீபோர்டும் அதன் பின்னாலேயே போய்விடும். பட்டன் எதையும் தொட வேண்டியதில்லை. இங்கே காப்பி செய்ததை அங்கே ஒட்டவும் முடியும்.

இதற்குத் தேவை ஒரு சாப்ட்வேரும், இரண்டு கம்ப்யூட்டருக்கும் பொதுவான ஒரு நெட்வொர்க்கும்தான். வீட்டு வை-ஃபை போதும். கீபோர்டு செருகியுள்ள கம்ப்யூட்டர் கொடுப்பவர், மற்றது வாங்கிக்கொள்பவர். கொடுப்பவர், தட்டிய விசைகளையும் மவுசின் நகர்வையும் நெட்வொர்க் வழியே செய்தியாக அனுப்புகிறார். வாங்கிக்கொள்பவர், அவை தன்னுடைய கீபோர்டிலேயே தட்டப்பட்டவை போல எடுத்துக்கொள்கிறார்.

இத்துறையில் பெயர் பெற்றது சினர்ஜி. கிறிஸ் ஷோன்மன் என்பவர் எழுதி 2001-ல் வெளிவந்தது. விண்டோஸ், லினக்ஸ், மேக் என்று வெவ்வேறு இனக் கம்ப்யூட்டர்களையும் அது இணைத்தது. பின்னாளில் அது விலைக்கு விற்கப்பட்டபோது, அதன் திறந்த மூலத்திலிருந்து பாரியர் என்ற இலவசக் கிளை பிரிந்தது. அதைப் பராமரித்தவர்கள் பிறகு இன்புட் லீப் என்ற புதுக் கிளைக்குப் போனார்கள். மைக்ரோசாப்ட் 2011-ல் மவுஸ் வித்தவுட் பார்டர்ஸ் என்பதை இலவசமாக வெளியிட்டது. விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நான்கு வரை இதில் இணையலாம். 2023-ல் அதை பவர்டாய்ஸ் என்ற இலவசத் தொகுப்பில் சேர்த்துவிட்டார்கள். ஆப்பிள் கம்பெனி 2022-ல் மேக் கம்ப்யூட்டருக்கும் ஐபேடுக்கும் இதே வசதியைக் கொடுத்தது. இரண்டும் ஒரே ஆப்பிள் கணக்கில் இருக்க வேண்டும்.

செலவில்லாத வழி என்று இதில் உடனே இறங்கிவிடத் தோன்றும். ஆனால் சாப்ட்வேர் விழித்திருக்கும்போதுதான் பாலம் இருக்கும். இரண்டாவது கம்ப்யூட்டரை நிறுத்தி மறுபடி கிளப்பும்போது, விண்டோஸ் வந்து சேரும்வரை அதற்குக் கீபோர்டு கிடையாது. வை-ஃபை அறுந்தாலும் அப்படியே. கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் ஆகிய மூன்று விசைகளை ஒன்றாக அழுத்தினால், கீபோர்டு நேரடியாகச் செருகியுள்ள கம்ப்யூட்டரே அதைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே இந்த வழியில் போகிறவரும் பழைய கீபோர்டு ஒன்றைப் பரணில் வைத்திருப்பது நல்லது.

பாலத்தில் போவது என்ன?

இவையெல்லாம் சில்லறைத் தொந்தரவுகள். பெரிய விஷயம் வேறு. பாயின்டுக்கும் பாலத்துக்கும் உள்ள வித்தியாசம் அது.

சுவிட்ச் பெட்டி இரண்டு கம்ப்யூட்டர்களையும் சேர்ப்பதில்லை. அது கீபோர்டைத்தான் மாற்றுகிறது. ஒன்றில் இருப்பது மற்றதற்குத் தெரியாது. சாப்ட்வேர் பாலமோ இரண்டையும் சேர்த்துவிடுகிறது. ஒன்றின் கீபோர்டில் மற்றதற்காக அடிக்கும் ஒவ்வோர் எழுத்தும், பாங்க் பாஸ்வேர்டு உட்பட, நெட்வொர்க்கில் ஏறித்தான் போகிறது. சினர்ஜியின் ஆரம்பகாலப் பதிப்புகளில் அந்தச் செய்தியை ரகசியக் குறியீடு ஆக்கும் வசதியே இல்லை. பிறகுதான் சேர்த்தார்கள். பாரியரில் 2021-ல் பாதுகாப்பு ஓட்டைகள் கண்டுபிடிக்கப்பட்டு அடைக்கப்பட்டன. அதற்கு முந்திய பதிப்பை எங்கிருந்தோ இறக்கிப் போட்டுக்கொண்டவர் வீட்டில் ஓட்டை அப்படியே இருக்கும்.

சொந்த வீட்டு வை-ஃபையில் இது அவ்வளவு பெரிய அபாயமில்லை. ஆனால் வெளியூரில் வேலை பார்க்கும் இளைஞர்களில் அநேகர் பி.ஜி. விடுதிகளில் இருக்கிறார்கள். முப்பது, நாற்பது பேருக்கு ஒரே வை-ஃபை; ஒரே பாஸ்வேர்டு; அது மாடிப்படிச் சுவரில் எழுதியும் இருக்கும். அந்த நெட்வொர்க்கில் ரகசியக் குறியீடு இல்லாத பாலம் போடுவது, பணத்தை எண்ணிக்கொண்டே சந்தையில் நடப்பதற்குச் சமம்.

இரண்டாவது அபாயம் காப்பி வசதி. ஆபீஸ் லேப்டாப்பில் ஒரு வாடிக்கையாளரின் கணக்கு எண்ணையோ, போன் நம்பரையோ காப்பி செய்கிறார் ஒரு குமாஸ்தா. பாலம் இருந்தால் அது அவருடைய சொந்தக் கம்ப்யூட்டரிலும் ஒட்டுவதற்குத் தயாராக வந்துவிடும். அவர் திருட நினைக்கவில்லை. ஆனால் கம்பெனி ரகசியம் கம்பெனியை விட்டு வெளியேறிவிட்டது என்பது உண்மை.

கம்பெனிகள் இதில் கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் உண்டு. தனிமனிதத் தகவல் பாதுகாப்புக்காக 2023-ல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் நிறைவேற்றியது. தகவல்களைத் தக்கபடி பாதுகாக்கத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அதில் இடமிருக்கிறது. அந்தப் பயம் மேலிருந்து கீழே இறங்கி, கடைசியில் மேஜைக்கு வருகிறது. அனுமதியில்லாத சாப்ட்வேர் போடக்கூடாது என்ற விதி, வேலையில் சேரும்போது கையெழுத்திட்ட காகிதங்களில் பெரும்பாலும் இருக்கும். கம்பெனி லேப்டாப்பில் புதிதாக என்ன சாப்ட்வேர் ஏறினாலும் தலைமை ஆபீஸில் தெரிந்துவிடும்படி பல கம்பெனிகள் ஏற்பாடு செய்திருக்கின்றன. ‘கை வலிக்கிறது, அதனால் போட்டேன்’ என்று விளக்கம் எழுதிக் கொடுக்கும் நிலைமை யாருக்கும் வர வேண்டாம்.

யாருக்கு எது பொருத்தம்?

இரண்டு கம்ப்யூட்டரும் சொந்தம், வீட்டு வை-ஃபையும் சொந்தம் என்றால் சாப்ட்வேர் பாலம் போடலாம். புதிய பதிப்பாக, அதைச் செய்தவர்களின் சொந்த இடத்திலிருந்தே இறக்க வேண்டும். ரகசியக் குறியீடு வசதி வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒன்று கம்பெனியுடையது என்றால் சுவிட்ச் பெட்டியே உத்தமம். அதிலும், பெட்டியை வைப்பதற்கு முன் மேலதிகாரிக்கோ கம்ப்யூட்டர் பிரிவுக்கோ இரண்டு வரி ஈமெயில் அனுப்பிவிடலாம். ‘வீட்டில் இடநெருக்கடி, கீபோர்டையும் மவுசையும் மட்டும் மாற்றும் சுவிட்ச் ஒன்றை உபயோகிக்க அனுமதி வேண்டும், சாப்ட்வேர் எதுவும் போடப்போவதில்லை’ என்றால் விஷயம் புரிந்துவிடும். பதில் வந்ததும் அதைப் பத்திரப்படுத்துங்கள். பெட்டியில் மிச்சமிருக்கும் துவாரத்தில் பென் டிரைவ் செருகும் வழக்கம் மட்டும் கூடவே கூடாது. கீபோர்டு மாறும்போது பென் டிரைவும் சேர்ந்தே மாறும். ஒன்றில் உள்ள வைரஸ் மற்றதற்குப் போக அதுவே வழியாகிவிடும்.

டி.டி.பி. கடை, அச்சகம் வைத்திருப்பவர்கள் நிலைமை தனி. கல்யாணப் பத்திரிகைக்கான பழைய தமிழ் எழுத்துருக்களும் பழைய கோப்புகளும் விண்டோஸ் எக்ஸ்.பி. கம்ப்யூட்டரில்தான் ஓடும் என்று அதை விடாமல் வைத்திருப்பவர்கள் உண்டு. எக்ஸ்.பி.க்கு மைக்ரோசாப்ட் கொடுத்துவந்த பாதுகாப்பு 2014 ஏப்ரல் 8-ந் தேதியோடு முடிந்துவிட்டது. அதை நெட்வொர்க்கில் இணைக்காமல் இருப்பதே புத்திசாலித்தனம். நெட்வொர்க் இல்லாத இடத்தில் பாலத்துக்கு வேலையில்லை. சுவிட்ச் பெட்டிதான் ஒரே வழி. பழைய கம்ப்யூட்டரில் ஊதா நிறத்தில் கீபோர்டுக்கும் பச்சை நிறத்தில் மவுசுக்கும் வட்டமான துவாரங்கள் மட்டும் இருந்தால், அதற்கேற்ற பெட்டி கேட்டு வாங்க வேண்டும். அந்தத் துவாரங்களில் மின்சாரம் ஓடும்போது செருகுவதும் பிடுங்குவதும் ஆகாது.

இன்னொரு அனுகூலமும் சுவிட்சில் உண்டு. கீபோர்டு எண்ணை மட்டுமே அனுப்புவதால், ஒரு கம்ப்யூட்டரை ஆங்கிலத்திலும் மற்றதைத் தமிழிலும் நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாம். பட்டனைத் தட்டினால் கம்ப்யூட்டரோடு மொழியும் மாறிவிடும்.

வழி எதுவானாலும் ஒரு பழக்கம் அவசியம். பாஸ்வேர்டு அடிப்பதற்கு முன், கீபோர்டு இப்போது எந்தக் கம்ப்யூட்டரில் இருக்கிறது என்று ஒரு கணம் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் பாங்க் பாஸ்வேர்டு, ஆபீஸ் நண்பருக்கு எழுதிக்கொண்டிருந்த கடிதத்தின் நடுவில் போய் உட்காரும். மேலதிகாரியைப் பற்றி வீட்டுக்கு எழுதியது, மேலதிகாரிக்கே போய்ச் சேரவும் கூடும்.

கம்பெனி அனுமதி கிடைக்கவில்லையா? இரண்டு கீபோர்டோடு இன்னும் கொஞ்ச காலம் ஓட்டுங்கள். மேஜையில் இடம் குறையும். காபி டம்ளரை ஜன்னல் ஓரத்தில் வைத்துக்கொள்ளலாம். வெளியூருக்கு வந்து பாடுபட்டுப் பிடித்த வேலை பத்திரமாக இருக்கும்.